வயலில் இறங்க யாரிடம் கேட்பது? காவிரிப் படுகையின் எலி வேட்டை

காவிரிப் படுகையின் நெல் வயல்களில் எலி பிடிப்பது, ஒருவருடைய தொல்லையைத் தீர்ப்பதே இன்னொருவருக்குப் பிழைப்பாக அமையும் தொழில்களுள் ஒன்று. உழவருக்குத் தூரோடு வெட்டுப்படும் பயிர் மிஞ்ச வேண்டும். எலி பிடிப்பவருக்கு எலி ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிய கூலியும், கறியும், எலி தன் வளைக்குள் சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்க வேண்டும். இரு தரப்பின் தேவையும் இவ்வாறு பொருந்தி நிற்பதால் வேட்டை தானாகவே நடந்துவிடும் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். நடைமுறை அப்படி இல்லை. எலி குடியிருக்கும் நிலம் எது, அதில் எந்த மாதத்தில் இறங்கலாம், இறங்குவதற்கு யார் யார் சம்மதிக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே மண்வெட்டிக்கும் கிட்டி என்னும் மூங்கில் பொறிக்கும் வேலை வருகிறது. எலியைப் பிடிக்கும் முறைகள் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, எலி பிடிக்க நிலம் கிடைக்கும் முறை பற்றித் தமிழில் எழுதப்படவில்லை.

இந்தக் கேள்விகள் தஞ்சைக்கு மட்டும் உரியவை அல்ல. வட அமெரிக்கப் புல்வெளிகளில் பெருங்கூட்டமாக வளை தோண்டி வாழும் பிரெய்ரி நாய் என்னும் விலங்கு, அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொறிவிலங்கு. அது மேய்ச்சலைக் கெடுக்கிறது என்று கருதும் பண்ணையாளர்கள், அதைச் சுட வரும் வேட்டைக்காரர்களைத் தம் நிலத்துக்குள் அனுமதிப்பதுண்டு. அங்கே ஒரே பண்ணை பல ஆயிரம் ஏக்கர் பரந்து கிடப்பதால் ஒரு குடும்பத்தின் சம்மதம் கிடைத்தாலே பல நாள் வேட்டைக்கு இடம் கிடைத்துவிடுகிறது. அரசுப் புல்வெளிகள் என்றால் அவற்றுக்கு எழுதிய விதிகள் இருக்கின்றன. காவிரிப் படுகையிலோ ஒரே வரப்பின் ஒரு பக்கம் ஒருவருக்கும் மறுபக்கம் வேறொருவருக்கும் உரியதாக இருக்கிறது; அந்த வரப்புக்குள்தான் எலி குடியிருக்கிறது.

படுகை வயல்களில் மிகுந்த சேதம் செய்வது வரப்பெலி. பெருச்சாளி இனத்தில் சிறிய வகை. இதனுடன் புல் எலி, வெள்ளெலி, வயல் சுண்டெலி ஆகியவையும் காணப்படும். வரப்பெலியின் வளையைக் கண்டுகொள்வது பழகிய கண்ணுக்கு எளிது. வரப்பின் ஓரத்திலோ வாய்க்கால் கரையின் சரிவிலோ, பொடிப்பொடியாகத் தள்ளப்பட்ட ஈரமண் சிறு குவியலாகக் கிடக்கும். வளையின் வாயை எலி அந்த மண்ணாலேயே உள்ளிருந்து அடைத்து வைத்திருக்கும். குவியல் காய்ந்து இறுகிப் போயிருந்தால் வளை பழையது. கையால் தொட்டால் உதிரும் பதத்தில் இருந்தால் எலி உள்ளே இருக்கிறது. ஐயம் தீர வேண்டுமானால் மாலையில் எல்லா வளைகளையும் மண்ணிட்டு மூடிவிட்டு, விடியற்காலையில் எவையெல்லாம் திறக்கப்பட்டோ புதுமண் தள்ளப்பட்டோ இருக்கின்றன என்று பார்ப்பது வழக்கம். வளைக்கு இன்னொரு வாயும் உண்டு. அது மேற்பரப்புக்கு மிக அருகில் வந்து, மெல்லிய மண் படலம் ஒன்றால் மட்டும் மூடப்பட்டிருக்கும்; ஆபத்து வந்தால் எலி அதை முட்டித் திறந்து ஓடிவிடும். தேர்ந்த வேட்டைக்காரர் மண்வெட்டியை எடுக்கும் முன்பே இந்தத் தப்பும் வழியைத் தேடிக் கண்டுபிடித்து அடைத்துவிடுகிறார். அதைத் தெரியாதவர் வரப்பை முழுவதும் கொத்திப் போட்டாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார். நிலத்துக்காரர் அடுத்த முறை அவரை உள்ளே விடவும் மாட்டார்.

நிலத்தைத் தேர்வதில் பருவம்தான் முதல் அளவுகோல். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு, தண்ணீர் கல்லணை வழியாகப் படுகைக்கு வந்து சேர்ந்ததும் குறுவை நடவு தொடங்குகிறது. அதன் பின் சம்பாவும், குறுவை அறுத்த வயல்களில் தாளடியும் வருகின்றன. வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் எலிகள் உள்வயலை விட்டு வரப்புகளுக்கும் திடல்களுக்கும், அதாவது வெள்ளம் ஏறாத மேட்டு நிலங்களுக்கும், மூங்கில் கொத்துகளின் அடிக்கும் ஏறிவிடுகின்றன. அப்போது எலி எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தாலும் வரப்பைத் தோண்ட எந்த உழவரும் ஒப்பமாட்டார்; தோண்டிய இடத்தில் இரவோடிரவாகத் தண்ணீர் பீறிட்டு அடுத்த வயலுக்கு ஓடிவிடும் என்ற அச்சம் நியாயமானது. சம்பா, தாளடி அறுவடை முடியும் தை, மாசி மாதங்களில் வயல் காய்ந்து தோண்டுவதற்கு ஏற்றதாக இருந்தாலும் அங்கேயும் ஒரு தடை உண்டு. படுகை உழவர்கள் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பே, நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தையும் பச்சைப் பயற்றையும் தெளித்துவிடுகிறார்கள். நெல் அறுத்ததும், மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரத்தைக் கொண்டே பயறு வளர்கிறது. முளை விட்ட பயற்றின்மேல் ஆள் நடப்பதையே விரும்பாத உழவர், கடப்பாரையோடு வருபவரை எப்படி அனுமதிப்பார்? ஆகவே அந்த மாதங்களில் வேட்டை பெரும்பாலும் பயறு தெளிக்காத வயல்களிலும் தரிசிலும்தான் நடக்க முடியும்.

உண்மையில் நிலம் திறந்து கிடப்பது, பயறு எடுத்த பின் மேட்டூர்த் தண்ணீர் வரும் வரையுள்ள சித்திரை, வைகாசிக் காலத்தில்தான். அப்போது வயல் வெடித்துக் கிடக்கும். உணவும் ஈரமும் குறைந்து போவதால் எலிகள் வாய்க்கால் ஓரங்களிலும் கோரை மண்டிய இடங்களிலும் ஒதுங்கியிருக்கும். எண்ணிக்கையிலும் அவை குறைந்திருக்கும். நெல் கதிர் வாங்கத் தொடங்கும்போதுதான் எலிகளின் இனப்பெருக்கமும் வேகம் பிடிக்கிறது. சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரமே என்பதால், பயிர் சூல் கொண்ட பிறகு வேட்டையைத் தொடங்குபவர், பிடிக்கப் பிடிக்கப் பெருகும் கூட்டத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. கோடையில் பிடிபடும் ஒரு பெண் எலி, கார்த்திகையில் பிடிபடும் பல எலிகளுக்குச் சமம். ஆனால் எலி வெட்டு கண்ணில் படாத கோடையில் கூலி கொடுத்து ஆள் அழைக்க உழவருக்கு மனம் வருவதில்லை. தூர் சாய்வாக அறுபட்டு வயல் நடுவே பயிர் திட்டுத்திட்டாகக் காணாமற் போன பிறகுதான் அவர் ஆள் தேடுகிறார். எலி பிடிப்பவருக்கு நிலம் கிடைப்பதும் அப்போதுதான். இந்தத் தொழிலின் பெருங்குறை இதில்தான் இருக்கிறது.

இனி, யாரிடம் கேட்பது என்ற கேள்வி. நிலம் யாருடையது என்பதைப் பட்டாவும் சிட்டாவும் சொல்லும். எந்தப் பருவத்தில் என்ன பயிர் நிற்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் பராமரிக்கும் அடங்கல் சொல்லும். பட்டா விவரத்தை இன்று இணையத்திலேயே பார்த்துவிடலாம். ஆயினும் படுகையில் பட்டாவில் பெயர் உள்ளவர் வேறு, வயலில் இறங்கி உழுபவர் வேறு என்பது மிகப் பழைய நிலைமை. 1952-இல் தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதும், 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய மாநிலச் சட்டம் ஒன்று பிறந்தது என்பதும் அந்த நிலைமையின் ஆழத்தைக் காட்டும். கோயில் நிலங்களும் மடத்து நிலங்களும் இங்கே ஏராளம். நகரங்களில் குடியேறிவிட்டவர்களின் நிலங்களும் அதுபோலவே. இத்தகைய நிலங்களில் உரிமையாளரைத் தேடிப் போவது வீண் அலைச்சல். பயிரின் இழப்பைத் தாங்குபவர் சாகுபடி செய்பவர்தான். எலி பிடிக்கக் கூலி கொடுப்பவரும் அவரே. அவருடைய சொல்லே நடைமுறையில் செல்லும்.

அவர் ஒருவரின் சொல் போதுமா என்றால், அதுவும் போதாது. வளை இருக்கும் வரப்பு இருவருக்குப் பொது என்பதால் பக்கத்து வயல்காரரிடமும் சொல்ல வேண்டும். ஆற்றுக் கரையும் பெரிய வாய்க்கால்களின் கரையும் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளவை. அங்கே தோண்டுவது, வெள்ளக் காலத்தில் கரை உடைந்து ஊரையே மூழ்கடிக்கும் ஆபத்துக்கு வழி செய்வதாகும் என்பதால் எந்தக் காரணத்துக்காகவும் அதில் கடப்பாரை படக்கூடாது. எலிகளோ அந்தக் கரைகளையே மிகவும் விரும்புகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரவில் விளக்கோடு வயலில் நடமாடும் வெளியூர் ஆளை, பம்புசெட்டு மோட்டாரைக் கழற்ற வந்தவர் என்று நினைக்கும் ஊரில், நிலத்துக்காரரின் சம்மதம் ஒன்றை மட்டும் நம்பி இறங்குவது பாதுகாப்பில்லை. எலிக்கறி உண்பவர் என்பதற்காகவே ஒருவரை இழிவாக நடத்தும் வழக்கம் சில இடங்களில் இன்னும் மறையவில்லை. தண்ணீர் கேட்டால்கூடத் தயங்கும் ஊருக்கு அவர் மறுமுறை ஏன் வர வேண்டும்?

வெளியூர்க்காரர் படுகை நிலத்தில் இறங்குவதற்கு நல்ல முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. அறுவடைக்குப் பின் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து ஆட்டு மந்தைகளோடு வரும் கீதாரிகள், இன்ன வயலில் இத்தனை இரவு கிடை போடுவது என்று உழவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்கிறார்கள். ஆட்டின் எருவும் சிறுநீரும் வயலுக்கு உரமாகின்றன, கீதாரிக்குக் கூலி கிடைக்கிறது. கொட்டிய நெல்லைப் பொறுக்க வாத்து மேய்ப்பவர்களும் இப்படியே வருகிறார்கள். யார் யாரிடம் பேசுவது, எப்போது வருவது, எங்கே தங்குவது என்பதெல்லாம் ஆண்டுகளாகப் படிந்து வழக்கமாகிவிட்ட ஏற்பாடுகள் இவை. எலி பிடிப்பவருக்கு மட்டும் இப்படியொரு நிலையான ஏற்பாடு அமையாமற் போனது வருத்தத்துக்குரியது. அவர் தரும் பயன் கிடை ஆடு தருவதற்குக் குறைந்தது அல்ல.

வேட்டை முறைக்கு ஏற்பவும் அனுமதியின் தன்மை மாறுகிறது. தோண்டிப் பிடிப்பதற்கு உழவரின் முழு நம்பிக்கை வேண்டும்; தோண்டிய வரப்பை அன்றே மண் அணைத்து மிதித்துச் சரிசெய்து கொடுப்பவருக்கே அது கிடைக்கும். மூட்டம் போடுவது என்பது, பானைக்குள் வைக்கோலைக் கொளுத்தி, அதன் அடியில் உள்ள துளை வழியாக வாயால் ஊதிப் புகையை வளைக்குள் செலுத்தும் முறை. வரப்புக்குச் சேதம் குறைவு, ஊதுபவரின் கைக்கும் உதட்டுக்கும் நுரையீரலுக்கும் கேடு அதிகம். கிட்டி வைப்பதற்கோ வரப்பில் ஒரு பிடி மண்ணையும் எடுக்க வேண்டியதில்லை. தஞ்சாவூர்க் கிட்டி என்று வேளாண் நூல்கள் இந்த ஊரின் பெயராலேயே குறிக்கும் பொறி, முழுக்க மூங்கிலும் கயிறும் கொண்டது. மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்துக் கயிற்றால் இழுத்துப் பூட்டி, இரையைச் சிறு குச்சியோடு இணைத்து வைப்பார்கள்; எலி தலையை நீட்டி இரையைத் தொட்டதும் பூட்டு விடுபட்டு வில் நிமிர, கயிறு அதன் கழுத்தை இறுக்கிவிடும். மாலையில் வயலுக்குள் வரிசையாக நட்டுவிட்டு விடியும் முன் சேகரித்துக்கொள்ளலாம். நீர் நிற்கும் வயலிலும் வைக்கலாம். தோண்டக்கூடாத கரைகளின் ஓரத்திலும் வைக்கலாம். எக்டேருக்கு 100 கிட்டி வைக்கலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. தோண்ட ஒப்பாத உழவரும் கிட்டிக்கு ஒப்புவார் என்பதால், நிலத்துக்குள் நுழைய இதைவிட எளிய வழி வேறில்லை.

படுகையில் கிட்டி வைப்போர் பெரும்பாலும் உள்ளூர் விவசாயத் தொழிலாளர்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே, கடலூர், விழுப்புரம் தொடங்கிச் செங்கல்பட்டு, திருவள்ளூர் வரை, எலி பிடிப்பதில் பேர்பெற்றவர்கள் இருளர் பழங்குடி மக்கள். பாம்பு பிடித்துத் தோலுக்கு விற்றுவந்த அவர்களுடைய பிழைப்பு, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் பின்னர் வந்த தோல் ஏற்றுமதித் தடையாலும் நின்றுபோனது. 1978-இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், வனத்துறையின் உரிமத்தோடு பாம்பைப் பிடித்து நஞ்சு எடுத்து மீண்டும் விட்டுவிடும் தொழிலுக்கு வழி அமைத்தது. எல்லா இருளருக்கும் அதில் இடமில்லை. எலி வேட்டையே பலருக்கு மிஞ்சியது. மூட்டப் பானைக்கு மாற்றாகக் கைப்பிடியைச் சுற்றிப் புகை செலுத்தும் உலோகக் கருவி ஒன்றை இவர்களுக்காக உருவாக்கும் திட்டம் 2003-இல் உலக வங்கி நடத்திய போட்டியில் பரிசு பெற்றது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் மலைப்பாம்புகளைத் தேட 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டதும், 2023-இல் பத்மஸ்ரீ பெற்றதும் பலரும் அறிந்த செய்தி. கடல் கடந்த நாட்டின் சதுப்பு நிலத்துக்குள் மரியாதையோடு அழைத்துச் செல்லப்பட்ட அறிவுக்கு, பக்கத்து ஊர் வயலிலும் அதே மரியாதை கிடைக்க வேண்டும்.

வளையில் கிடைக்கும் நெல் யாருக்கு என்பதும் அனுமதியோடு சேர்த்துப் பேச வேண்டிய ஒன்று. வரப்பெலி கதிர்களை அறுத்து வளைக்குள் இழுத்துச் சென்று சேர்த்து வைக்கும் பழக்கமுடையது; நல்ல விளைச்சலுக்குப் பின் தோண்டும் வளையில் சில கிலோ நெல்கூடக் கிடைப்பதுண்டு. அதைத் தோண்டியவருக்கே விட்டுவிடுவது பெரும்பாலான இடங்களில் வழக்கம். அந்த வழக்கம் காக்கப்பட வேண்டியது. மண்ணுக்கடியில் முளைத்து வீணாகப் போயிருக்கக்கூடிய நெல் அது.

சட்டம் இந்த வேட்டைக்குத் தடையாக இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி ஆகியவை தீங்குயிர்கள் எனப் பட்டியலிடப்பட்டிருந்தன. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கி, தீங்குயிரை அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசின் அறிவிக்கைக்கு விட்டது. வயலெலியைப் பிடிப்பது இன்றும் வேளாண் துறையே ஊக்குவிக்கும் பணி. ஆனால் எலி வளைக்குள் நல்ல பாம்பு இருக்கலாம், வழியில் உடும்போ கீரியோ முயலோ குறுக்கிடலாம். இவை அனைத்தும் சட்டத்தின் காவலில் உள்ளவை. எலிக்குக் கிடைத்த அனுமதி இவற்றைத் தொடுவதற்கு உரியதல்ல என்பதை இரு தரப்பும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

அனுமதி கேட்பவர் மறக்காமல் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, வயலில் நச்சுணவு வைக்கப்பட்டிருக்கிறதா என்பது. துத்தநாகப் பாஸ்பைடும் புரோமோடையலோனும் எலிகளைக் கொல்ல உழவர்கள் பயன்படுத்தும் நஞ்சுகள். புரோமோடையலோன் இரத்தம் உறையாமல் தடுத்துச் சில நாட்கள் கழித்தே கொல்வது என்பதால், நஞ்சைத் தின்ற எலி அதுவரை ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். அத்தகைய எலியைப் பிடித்து உண்பவரின் உயிருக்கு ஆபத்து. அதைத் தின்னும் கூகைக்கும் ஆந்தைக்கும் அதே கதிதான். இரவில் எலி பிடிக்க ஆந்தை வந்து அமரட்டும் என்று வயலில் குச்சி நட்டுவிட்டு, அதே வயலில் நஞ்சும் வைப்பது தன் கையாலேயே துணையைக் கெடுப்பதாகும். அமெரிக்காவில் பிரெய்ரி நாய்கள் நஞ்சாலும் நோயாலும் பெருமளவு அழிந்தபோது, பெரும்பாலும் அவற்றையே நம்பி வாழ்ந்த கருங்கால் மரநாய் அற்றுப்போய்விட்டதாகவே கருதப்பட்டு, 1981-இல் வயோமிங் மாநிலத்தில் எஞ்சிய சில மட்டும் கண்டறியப்பட்டன. வளைவாழ் உயிர் ஒன்றைக் கண்மூடித்தனமாக ஒழிக்கப் புறப்பட்டால் அதனோடு எவையெல்லாம் போகும் என்பதற்கு அது சான்று. கிட்டியும் மண்வெட்டியும் எலியோடு நின்றுவிடும், நஞ்சு நிற்பதில்லை.

எலி பிடிப்பவரின் உடல்நலமும் இதில் அடங்கும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நிற்பவருக்கு, தோலில் உள்ள சிறு கீறல் வழியாகவே எலிக்காய்ச்சல் தொற்றிவிடும். கையுறையும் முழங்கால் வரை ஏறும் காலணியும் கொடுப்பது கூலியின் ஒரு பகுதியாகக் கருதப்பட வேண்டும். வேட்டைக்குப் பின் காய்ச்சல் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தாமதமின்றிச் செல்ல வேண்டும்.

பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய கிராண்ட் சிங்கிள்டன் உள்ளிட்ட அறிவியலாளர்கள் ஆசிய நெல் நாடுகளில் நடத்திய ஆய்வுகளிலிருந்து கண்டது ஒன்று உண்டு: தனித்தனி உழவர் தத்தம் வயலில் மட்டும் எலி பிடிப்பதால் பெரும்பயன் இல்லை, பருவத்தின் தொடக்கத்திலேயே ஊரே சேர்ந்து செய்தால்தான் எலி குறைகிறது. ஒரு வயலில் காலியான வளைக்கு அடுத்த வயலின் எலி சில நாட்களில் குடிவந்துவிடுகிறது என்பதைப் படுகை உழவரும் அனுபவத்தில் அறிவார். எனவே ஏக்கர் ஏக்கராக அனுமதி கேட்டு அலையும் இன்றைய முறை, எலி பிடிப்பவருக்கு அலைச்சலையும் உழவருக்கு வீண் செலவையும் மட்டுமே தருகிறது. ஒரு வாய்க்காலில் பாசனம் பெறும் நிலம் முழுவதற்கும் ஒரே அனுமதி, ஒரே கூலி, ஒரே நாள் என்று வைத்தால் இரு தரப்பும் பிழைக்கும்.

படுகை உழவர்கள் இதற்குப் புதிய அமைப்பு எதையும் உருவாக்க வேண்டியதில்லை. பாசனதாரர் சங்கங்களும் உழவர் குழுக்களும் ஏற்கெனவே இருக்கின்றன. உளுந்து எடுத்த கையோடு ஒரு மாலை கூடி, குத்தகைக்கு உழுபவர்களையும் அழைத்து, எலி ஒன்றுக்கு என்ன கூலி, எந்தக் கரையில் தோண்டக்கூடாது, யார் வயலில் நஞ்சு வைத்திருக்கிறார்கள் என்பதைப் பேசி முடிவு செய்யுங்கள். வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் சொல்லி, நச்சு மருந்துக்குச் செய்யும் உதவியை எலி பிடிப்போரின் கூலிக்கும் செய்யுமாறு கேளுங்கள். பிறகு கிட்டி வைப்பவர்களையும் வளை தோண்டுபவர்களையும் ஆள் அனுப்பி முறையாக அழையுங்கள். மேட்டூரில் தண்ணீர் திறக்கும் முன் அது முடிந்துவிட வேண்டும்.